ஏற்காட்டில் எண்ணெய் தீர்ந்த நாள்

காலை ஆறு இருபதுக்கு ஜீப் ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்தியில் நின்றது. முதலில் கண்ணில் பட்டது ஒரு பேனர். இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே, பனியில் நனைந்து தொங்கியது. அதில் ஒரு மணல்கடிகாரம். மணலுக்குப் பதில் கறுப்பு எண்ணெய். மேல்குடுவை ஏறத்தாழக் காலி. 'எண்ணெய்: இன்னும் எத்தனை நாள்?' என்று சிவப்பில் கேட்டிருந்தார்கள். இது ஒரு கருத்தரங்கின் தலைப்பு என்ற தகவல் கடைசி வரியில், பேனருக்கு மிக அருகில் போய் நின்றால் தெரியும் அளவில் இருந்தது.

என்னை யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்ததற்கு என் எழுத்து காரணமல்ல. எங்கள் நாட்டில் எரிபொருள் இல்லாமல் போன வருடத்தில் நான் அங்கே பத்திரிகை வேலையில் இருந்தேன் என்பதே காரணம். நிகழ்ச்சி நிரலில் இரண்டாம் நாள் மதிய உணவுக்குப் பிறகு, சபை கண் அயரும் நேரத்தில், பத்து நிமிடம் ஒதுக்கி 'நேரடி அனுபவம்' என்று தலைப்பும் அவர்களே வைத்திருந்தார்கள்.

சேலத்திலிருந்து என்னை ஏற்றி வந்தவர் அந்தோணி. கருத்தரங்குக்காக வாடகைக்கு எடுத்த ஜீப்புகளில் ஒன்றின் சொந்தக்காரரும் ஓட்டுநரும் அவரே. கண்ணாடி ஓரத்தில் மாதா படம், அதற்குப் பக்கத்தில் பழனி விபூதிப் பொட்டலம். எந்தப் பயணியையும் சங்கடப்படுத்தாத ஏற்பாடு.

டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேனரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க சார், நெசமாலுமே தீரப்போகுதுங்களா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள் கூட்டம்."

"ரெண்டு நாள்ல கண்டுபுடிச்சிருவாங்களா?"

"ஓம்" என்றேன், ஊர்ப் பழக்கத்தில். அவர் அதை மந்திரம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க சிலோனுங்களா?" என்றார். அந்த நிமிடத்திலிருந்து மலை முழுவதற்கும் நான் சிலோன் சார் ஆனேன்.

கருத்தரங்கு நடந்த ஹோட்டல் ஒரு பழைய எஸ்டேட்டுக்குள் இருந்தது. வாசல் வரை காப்பிச் செடிகள். பழம் சிவந்து, பறிப்புக் காலத்தின் நடுப்பகுதி. உள்ளே போனதும் வரவேற்பாகக் காப்பி கொடுத்தார்கள்: வெந்நீர், பால்பொடி, எங்கோ தொலைவிலுள்ள தொழிற்சாலையில் அடைத்த ஒரு பாக்கெட் தூள். கலக்கிக்கொள்ள மரக்குச்சி.

முதல் அமர்வு பேராசிரியர் சபாபதியுடையது. பூமிக்குள் இருக்கும் எண்ணெய்க்கு ஒரு அளவு உண்டு, அதை எடுக்கும் வேகம் ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும் என்பது அவர் கட்சி. அதைக் காட்ட ஒரு கோடு வரைந்திருந்தார். பார்க்க மலை போலவே இருந்தது. படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டார்கள். சேர்வராயன் மலைக்கு வந்து, அதை மறைத்துவிட்டு, சுவரில் வேறொரு மலையை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து எழுந்தவர் ரங்கராஜன். எண்ணெய்க் கிணறுகளில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற பொறியாளர். எண்ணெய் தீராது என்பது அவர் கட்சி.

"என் அப்பா சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறிய வருஷமே இதைச் சொன்னாங்க" என்றார். "நான் வேலைக்குச் சேர்ந்தப்பவும் சொன்னாங்க. உச்சம் வருதுன்னு சொல்ற ஆட்கள் எல்லாரும் ரிட்டையர் ஆயிட்டாங்க. உச்சம் இன்னும் வரலை. விலை ஏறினா பாறையைப் பிழிஞ்சு எடுப்போம். கடலுக்கு அடியில துளைச்சு எடுப்போம்."

"பாறையைப் பிழிய எவ்வளவு எண்ணெய் எரிக்கிறீங்க?" என்று சபாபதி இடத்திலிருந்தே கேட்டார்.

"பிழிஞ்சு வர்றதைவிடக் குறைவா."

"எத்தனை வருஷத்துக்குக் குறைவா?"

"டீ பிரேக்" என்றார் தலைவர்.

மூன்றாவது கட்சியும் ஒன்று இருந்தது. அதன் ஒரே உறுப்பினர் பெங்களூரிலிருந்து மின்சாரக் காரில் வந்திருந்த இளம் ஆலோசகர். இரண்டு பெரியவர்கள் சொல்வதும் தவறு. எண்ணெய் தீருவதற்கு முன்பே எண்ணெய்மீது மனிதனுக்குள்ள ஆசை தீர்ந்துவிடும் என்றார் அவர். ஆசை தீர்ந்த முதல் மனிதரைப் பார்க்கும் ஆர்வத்தில் எல்லோரும் வெளியே போய் அவர் காரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் காட்சிமுனைக்கு அழைத்துப் போனார்கள். அந்தோணியின் ஜீப்பில் நானும் சபாபதியும். காட்சிமுனையில் காட்சி இல்லை. வெள்ளையாக மேகம் மட்டும். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேகத்தை மரியாதையாகக் கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். யாழ்ப்பாணத்தான் என்ற செருக்கோடு கடித்தேன், கண்ணீரோடு விழுங்கினேன்.

திரும்பும்போது அந்தோணி, காலையில் என்னிடம் கேட்டதைப் பேராசிரியரிடம் கேட்டார்.

"உச்சம் தாண்டியாச்சுப்பா" என்றார் சபாபதி. "இனிமே இறக்கம்தான்."

அந்தோணி கியரைக் குறைத்துக்கொண்டே, "எப்பங்க சார்?" என்றார்.

"அது முடிஞ்சுபோன விஷயம்."

பேராசிரியர் உலக உற்பத்தியைப் பற்றி, அதுவும் சில பத்தாண்டுகளை ஒரு கணமாக வைத்துப் பேசினார். அந்தோணிக்கு அது எண்ணெயே முடிந்துபோனதாகக் கேட்டது. எங்களை இறக்கிவிட்டு ஒண்டிக்கடைக்குப் போன அவர், அங்கே நின்ற ஜீப்காரர்களிடம் சேதியைச் சொன்னார். அவர்கள் பேனரை இன்னொரு முறை பார்த்தார்கள். பேனர் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மழை பிடித்தது. ஒரு சில்வர் ஓக் மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்து மலைக்கு மின்சாரம் போனது. ஹோட்டலில் உடனே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. கருத்தரங்குப் பதாகையைச் சுற்றிய வண்ண விளக்குகள் ஒன்றுகூட அணையவில்லை.

மறுநாள் காலை நடக்கப் போனவன் பெட்ரோல் பங்க்கில் நின்றுவிட்டேன். நாங்கள் செட் என்று சொல்வதை இங்கே பங்க் என்கிறார்கள். பெயர்தான் வேறு, வரிசையின் முகம் எனக்குத் தெரிந்த முகம். ஜீப்புகள், பைக்குகள், கையில் கேனோடு ஆட்கள், எண்ணெய் டின்னோடு ஒரு பெண், தண்ணீர்க் குடத்தோடு ஒருவர். 'கேனில் வழங்கப்படமாட்டாது' என்ற பலகையின் கொக்கியில் யாரோ கேனை மாட்டிவிட்டு டீக்குப் போயிருந்தார்.

எங்கள் ஊரில் வரிசை பழகப் பழக அதற்கென்று ஒழுங்கு வந்தது. வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள். வரிசையில் கிரிக்கெட் விளையாடினோம், சண்டை போட்டோம், சிலர் அங்கேயே இறந்தும் போனார்கள். இங்கே இது முதல் நாள். ஆகவே எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள்.

"வண்டியே இல்ல, உனக்கெதுக்குய்யா பெட்ரோலு?" என்று குடத்துக்காரரைப் பின்னால் நின்றவர் கேட்டார்.

"நாளைக்கு வண்டி வாங்குனா எதை ஊத்தறதுங்க?"

"மொதல்ல வண்டிய வாங்கு சாமி."

"அது எப்ப வேணாலும் கெடைக்கும். இதுதான் தீருது."

வரிசையின் தலையில் நின்ற காரை நான் முந்தின நாள் ஹோட்டல் வாசலில் பார்த்திருந்தேன். ரங்கராஜனுடையது. விடியும் முன்பே வந்துவிட்டதாக அவருடைய டிரைவர் சொன்னார். டாங்க்கில் டீசல் நிரம்பியது. டிக்கியில் வைத்திருந்த இரண்டு கேனும் நிரம்பின.

பத்து மணிக்குள் பங்க்கில் டீசலும் இல்லை, பெட்ரோலும் இல்லை. வரவேண்டிய டாங்கர் லாரி அடிவாரத்தில் நின்றது: இரவு மழையில் சேலம் பாதையில் மண் சரிந்திருந்தது, மலைக்கு இன்னொரு வழியான குப்பனூர் பாதையில் அவ்வளவு பெரிய லாரியை விட மறுத்தார்கள். சாதாரண நாளாக இருந்திருந்தால் லாரி வராததை மலை கவனித்தேயிருக்காது.

கருத்தரங்கு மண்டபத்துக்குச் செய்தி வந்தபோது அங்கே உண்டானதை நான் மகிழ்ச்சி என்றுதான் எழுத வேண்டும்.

"பார்த்தீங்களா?" என்றார் சபாபதி.

"எதை? இது பற்றாக்குறை இல்லை, பதற்றம்" என்றார் ரங்கராஜன். "எண்ணெய் இருக்கு. இடம்தான் மாறியிருக்கு."

"உங்க டிக்கிக்கு" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சபை சிரித்தது.

சபாபதியின் சிரிப்பு நீடிக்கவில்லை. அவருடைய சொந்தக் காரில் மலை இறங்கக்கூட டீசல் இல்லை என்று தேநீர் இடைவேளையில் தெரிந்தது. ஏன் நேற்றே நிரப்பவில்லை என்று கேட்டேன். "என் கணிப்பு நூற்றாண்டுக் கணக்கு தம்பி" என்றார் கோபமாக. "இந்த வாரத்துக்குச் சொன்னதில்லை."

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. சமையலறைக்குப் பின்னால் டீசல் பீப்பாய்கள் இருந்தன. அங்கிருந்து புறப்பட்ட மின்சாரம் மைக்குக்கும், படம் காட்டும் கருவிக்கும், அறைகளின் ஹீட்டருக்கும் போய், ஒரு கிளை ஜன்னல் வழியாக வெளியே இறங்கி, ஆலோசகரின் மின்சாரக் காருக்குள் நுழைந்தது.

மதிய உணவு முடிந்ததும் என் பத்து நிமிடம். வரிசைகளைப் பற்றிச் சொன்னேன். தலைவர் குறுக்கிட்டு, எங்கள் நாட்டில் நடந்தது எண்ணெய் உச்சத்தின் விளைவா என்று கேட்டார். இல்லை என்றேன். உலகில் எண்ணெய் இருந்தது, எங்கள் துறைமுகத்துக்கு வெளியிலேயே கப்பல் நின்றது, கப்பல்காரனுக்குக் கொடுக்க டாலர்தான் இருக்கவில்லை. ரங்கராஜன் கைதட்டினார். ஆனால் வரிசையில் நின்றவனுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றேன். சபாபதி கைதட்டினார். இரண்டு கட்சியும் என்னைத் தன் சாட்சியாகக் குறித்துக்கொண்டன.

அந்த நேரத்தில்தான் வள்ளியம்மா உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் காலி கேன். பின்னால் சங்கடத்தோடு அந்தோணி.

அவர் செம்மநத்தத்து விவசாயி. அந்த ஊர்ப் பக்கம் அவரிடம்தான் பழத்தோல் உரிக்கும் மிஷின் இருந்தது. டீசல் இன்ஜினில் ஓடுவது. அங்கே ஒரு நடைமுறை: பறிப்புக்குக் கூலி ஆள் கிடைக்காததால், சில குடும்பங்கள் சேர்ந்து ஒருவர் தோட்டத்தில் மற்றவர் இறங்கி, எல்லார் தோட்டத்தையும் சேர்ந்தாற்போலப் பறித்து முடித்துவிடுவார்கள். பழம் முழுவதும் ஒரே நேரத்தில் வள்ளியம்மா வீட்டுக் களத்துக்கு வந்து சேரும். பறித்த பழத்தை உடனே தோல் உரித்துக் கழுவிக் காயவைத்தால் அது பார்ச்மெண்ட் காப்பி, நல்ல விலை. விட்டுவைத்தால் குவியல் சூடேறிப் புளித்துவிடும். பிறகு தோலோடு காயப்போட்டு, செர்ரி என்று வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். முந்தின நாள் பறித்த பழம் களத்தில் கிடந்தது. மாலைக்குள் மிஷினில் விட்டாக வேண்டும். டீசல் வாங்க வந்தவர் காலிப் பங்க்கைப் பார்த்துவிட்டு, பேனரையும் பார்த்திருக்கிறார்.

"எண்ணெய் ஆபீசருங்க எல்லாம் இங்கதான் கூடியிருக்கீங்கன்னாங்க" என்றார் மேடையைப் பார்த்து. "யாருக்கு எத்தனைன்னு நீங்கதான் பிரிச்சு உடறீங்களாமா. எனக்கு இந்தக் கேனுல பாதி போதுமுங்க. இன்னைக்கே வேணுமுங்க."

தலைவர் திகைத்தது ஒரு கணம்தான். "களத்திலிருந்து ஒரு குரல்" என்று அறிவித்து மைக்கைக் கொடுக்கச் சொன்னார். வள்ளியம்மா மைக்கை வாங்கி, கேனைக் கீழே வைத்துவிட்டு, சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்.

பிறகு விவாதம். இதைத்தான் தான் எச்சரித்ததாகச் சபாபதி சொன்னார். விலையைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் இந்த அம்மாவுக்கு டீசல் தானாக வந்து சேரும் என்றார் ரங்கராஜன். ஆலோசகர், கையால் சுற்றும் மிஷினுக்கு மாறலாமே என்றார்.

"இருந்துச்சுங்க. இன்ஜின் வாங்கறப்ப பழைய இரும்புக்குப் போட்டுட்டோம்" என்றார் வள்ளியம்மா. "அன்னைக்கு நீங்க யாரும் வந்து கூட்டம் போடலீங்களே கண்ணு."

நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். வெளியே வெயில் வந்துவிட்டது. திரையை விலக்கிவிட்டு, அல்லது புல்வெளியில் உட்கார்ந்து, ஜெனரேட்டரை நிறுத்தி மிச்சமாவதை இவருக்குக் கொடுக்கலாம். அரங்கில் ஆதரவு முணுமுணுப்பு எழுந்தது. முதலில் எதிர்த்தவர் சபாபதி. அவருடைய நிறைவு உரைக்கான படங்களில் பாதி இன்னும் காட்டப்படவில்லை. "வெளிச்சத்தில் என் கோடு தெரியாது" என்றார். ரங்கராஜனும் எதிர்த்தார்: ஜெனரேட்டரை நிறுத்தினால் பற்றாக்குறை இருப்பதாகச் சபையே ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டு நாளில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஹோட்டல் மேனேஜர் தன் பங்குக்கு, பீப்பாய் விருந்தினர்களுக்கானது, இரவு ஹீட்டர் நின்றால் தன் வேலை போகும் என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

ஒரு துணைக்குழு அமைத்தார்கள். நிறைவு விழாவுக்குப் பிறகு முடிவு சொல்வதாக வள்ளியம்மாவிடம் தெரிவித்து, போர்ட்டிகோவில் நாற்காலி போட்டுக் கொடுத்து, பாக்கெட் காப்பியும் கொடுத்தார்கள். ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

"என்னதுங்க இது?" என்று அந்தோணியைக் கேட்டார்.

"காப்பீங்க்கா."

"எந்த ஊருல?"

நான் ரங்கராஜனைத் தேடிப் போனேன். எண்ணெய் தீராது, நாளை லாரி வந்துவிடும் என்பதுதான் அவர் கருத்து. அப்படியிருக்க ஒரு கேனை இன்று கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "கருத்து வேற தம்பி. நாளைக்குக் கோயம்புத்தூர்ல மச்சினிச்சி மக கல்யாணம்" என்றார்.

அந்தோணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தீராதுங்கறவரு டிக்கியப் பூட்டி வெச்சிருக்காரு. தீரும்கிறவரு டாங்க்கக் காலியா வெச்சிருக்காரு" என்றார். "நானும் ஒண்ணும் லேசுப்பட்டவன் இல்லீங்க சிலோன் சார். ஊரெல்லாம் சேதி சொன்னேன். என் வண்டிக்கு ஊத்த மறந்துட்டேன்."

நாலு மணிக்கு மேல் தீர்மானம் வாசிக்கப்பட்டது. எண்ணெய் வளம் குறைவாக இருப்பினும் போதுமானது. போதுமானதாக இருப்பினும் குறைவானது. இது குறித்து மேலும் கருத்தரங்குகள் தேவை. செம்மநத்தம் கோரிக்கை உரிய அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும். உரிய அதிகாரிகள் யாரென்று வள்ளியம்மா கேட்டார். துணைக்குழுவில் யாருக்கும் தெரியவில்லை. அவரோடு ஒரு குழுப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

சபாபதி தன் காரை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு இரவு ரயிலில் ஊர் திரும்ப முடிவு செய்தார். குப்பனூர் வழியாக அவரைச் சேலத்தில் இறக்கிவிடத் தன் காரிலேயே இடம் கொடுத்தார் ரங்கராஜன். இரண்டு கேனுக்கும் முன்னால், பின்சீட்டில் இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, கோடு எந்த ஆண்டில் வளைகிறது என்று வாதாடிக்கொண்டே மலை இறங்கினார்கள்.

அந்தோணி ஜீப்பின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு வந்தார். டாங்க்கில் இருந்தது, மறுநாள் என்னைச் சேலத்தில் விடுவதற்கென்று வைத்த டீசல். முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சேலம் எறக்கம்தானுங்க, கொஞ்சம் இருந்தாப் போதும். ஆனா இதை அக்காளுக்கு எடுத்தா நாளைக்கு நீங்க பஸ்ஸுலதான் போகோணும். நீங்க சொன்னாச் சரிங்க."

சொன்னேன். வள்ளியம்மா ஏற்கனவே முன்சீட்டில் ஏறியிருந்தார்.

செம்மநத்தம் பாதை ஒரு ஜீப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. நடுவழியில் ஒரு காட்டெருமை அகலவாட்டில் நின்றது. அந்தோணி இன்ஜினை அணைத்தார். ஹாரன் அடிக்கலாமே என்றேன். "அதுக்குக் கோவம் வந்தா ரிவர்ஸ் எடுக்கோணும், டீசல் போயிருமுங்க" என்றார். அது மென்று முடித்து, எங்களை அலட்சியமாகப் பார்த்துவிட்டு இறங்கும்வரை காத்திருந்தோம்.  வள்ளியம்மா, வெளிச்சம் எவ்வளவு மிச்சம் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

களத்தில் பழம் குவிந்து கிடந்தது. அருகே போனதும் இளஞ்சூட்டோடு கள் வாடை அடித்தது. வள்ளியம்மா குவியலுக்குள் கையை முழங்கை வரை விட்டு எடுத்து முகர்ந்தார். "இன்னும் கெடலீங்க. சீக்கிரம்" என்றார். ஐந்து குடும்பங்களின் ஆட்கள் கூடைகளோடு நின்றார்கள். பழம் குடும்பவாரியாக, இடையில் சாக்கு போட்டுப் பிரித்திருந்தது.

அந்தோணி டாங்க்குக்குள் ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சி, ஒரு வாய் டீசலைத் துப்பிவிட்டுக் கேனில் இறக்கினார். கொஞ்சம் வந்ததும் குழாயை மடக்கிப் பிடித்தார்.

"இதுக்கு மேல எடுத்தா சார ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் உட முடியாதுங்க. திரும்பறப்ப பூராவும் ஏத்தம்."

நான் நடந்து போகிறேன் என்றேன். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"எருமை நிக்கிற ரோட்டுல, இருட்டுல, சிலோன்ல இருந்து வந்த மனுசன நடக்க உட்டா ஊரு என்னைய என்ன பேசும்?" என்றார் வள்ளியம்மா.

இங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"பொம்பளையாளு தனியா இருக்கற ஊடுங்க" என்றார் அந்தோணி மெதுவாக. "வாங்க சார். அதைப் பேசாதீங்க."

இன்ஜின் இரண்டு முறை இருமிப் பிடித்துக்கொண்டது. பெல்ட் ஓடியது. சிவப்புத் தோல் ஒரு பக்கம் சரிந்தது, வழவழப்பான வெள்ளை விதை மறுபக்கம் விழுந்தது. வள்ளியம்மா சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்று, எது முதலில் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குடும்பமாகக் கொட்டினார்கள்.  வெளிச்சம் குறையும் நேரத்தில் சத்தம் மாறியது, மெலிந்தது, நின்றது.

இன்னும் ஒரு குடும்பத்தின் பழம் உரிக்காமல் கிடந்தது. அது வள்ளியம்மாவுடையது.

அவர் அதை வாரித் தார்ப்பாயில் கொட்டி, தோலோடு பரப்பத் தொடங்கினார். அந்தோணி ஜீப்பைக் கிளப்பினார். ஒண்டிக்கடை வரைக்கும் டீசல் இருந்தது.